எலுல் மாதம் எங்கள் படியேறி வந்தவர்களுக்கு

ஜெருசலேமில், நக்லாவோத் பகுதியில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டிக்கு கேர்கிவராக இருக்கிறேன். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு அவர் மனசு தயாரானதென்றால், அதற்கு முந்தைய எலுல் மாதம் முழுக்க வந்துபோன உங்களால்தான். பக்கத்தில் வேலை பார்க்கும் நம்மூர் அக்காமாரே, இதை அந்தந்த வீடுகளில் ஹீப்ருவில் சொல்லிவிடுங்கள்.

முதல் நன்றி மாடிவீட்டுத் தம்பிக்கு. பாட்டி ஈராக்கிலிருந்து வந்தவர். அவர்கள் வழக்கப்படி எலுல் பிறந்ததுமே, ஓய்வுநாள் தவிர, விடியுமுன் செலிஹோத் என்னும் மன்னிப்பு மன்றாட்டு தொடங்கிவிடும். ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கெநாசிகளுக்கு அது புத்தாண்டை ஒட்டிய நாட்களில்தான். ஜெப ஆலயத்திலிருந்து திரும்பும்போது தம்பி எங்கள் வீட்டில் ஷோஃபார் என்னும் கொம்பை ஊதிவிட்டுப் போவான். பாட்டிக்கு வலது காதுதான் கேட்கும். அந்தக் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பேன். ஊதி முடித்ததும் ஆட்டுக்கொம்பை அவர் கையில் கொடுப்பான். அதன் வளைவைத் தடவியபடியே 27ஆம் சங்கீதத்தை முணுமுணுப்பார். பண்டிகை இரண்டு நாளும், ஆலயத்தில் 100 முறை ஊதுவதைக் கேட்டுவிட்டு வந்து, இங்கே 30 முறை ஊதினான். பிள்ளை நல்லா இருக்கணும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? ஒருவர் இன்னொருவருக்குச் செய்த குற்றத்தை, அவரைச் சமாதானப்படுத்தாத வரை யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளும் தீர்க்காது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. இந்த மார்க்கத்தில் என் நெஞ்சைத் தொட்டது இதுதான். பாட்டி பல வருஷமாகப் பேசாதிருந்த தங்கையின் நம்பரைத் தேடிப்பிடித்து, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள், அக்கா. இரண்டு பேரும் அழுதார்கள். அப்புறம் பாட்டி என்னைக் கூப்பிட்டு, எரிச்சலில் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். சம்பளத்துக்கு வேலை செய்கிறவளிடம் இந்த வயதில் யார் கேட்பார்கள்?

மஹனே யெஹுதா சந்தையிலிருந்து பேரீச்சை, மாதுளை, பூசணி, பீட்ரூட் கீரை, காராமணி என்று பார்த்துப் பார்த்து வாங்கிவந்த கீழ்வீட்டு ஐயாவுக்கும் நன்றி. புத்தாண்டு இரவில் ஒவ்வொன்றுக்கும் தனி வேண்டுதல் உண்டு. மென்று தின்ன முடியாதென்பதால் எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்தேன். ஒரு வேண்டுதலையும் பாட்டி விடவில்லை. நான் கண் அயர வந்து உட்கார்ந்த நம்மூர் அக்காமாருக்கும் நன்றி.

அடுத்த எலுலிலும் தம்பியை அனுப்பிவையுங்கள். பாட்டி இப்போதே கேட்கிறார்.

ஷானா தோவா! நல்ல புத்தாண்டாக அமையட்டும்!

அன்புடன்,
பாட்டி வீட்டு கன்னியாகுமரிப் பெண்