வலைக்கொட்டகைக்கு வணிகக் கட்டடச் சொத்துவரியா? நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மறு அளவீட்டுக்குப் பிறகு எங்கள் கடற்கரைத் தெருவுக்கு வந்த சொத்துவரி நோட்டீஸ் பற்றித் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மனுக்கள் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன, என்னுடையதும் அதில் கிடக்கிறது. பதில்தான் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு 580 சதுர அடி. நோட்டீஸில் 740. மீதி எங்கே இருந்து வந்தது என்றால், வீட்டை ஒட்டி வலை போட்டு வைக்கிற கொட்டகை! நாலு பனங்கால், மேலே கிடுகு, சுவரும் கிடையாது கதவும் கிடையாது. உள்ளே அப்பா காலத்து வத்தையின் (சிறு படகின்) வலை, மிதவை, ஒரு துருப்பிடித்த நங்கூரம், மூலையில் அம்மா காயப்போட்ட கருவாடு. அளக்க வந்தவர் டேப்பின் ஒரு முனையை அண்ணன் மகன் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை அந்தக் கருவாட்டுப் பாய் வரைக்கும் இழுத்தார். கருவாட்டைப் பார்த்துத்தான் 'வணிகப் பயன்பாடு' என்று எழுதினாரோ என்னவோ. அது வீட்டுக் குழம்புக்குக் காய்ந்தது சார்.

2022-ல் வரியை உயர்த்தியபோது 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 1200 வரை 50 சதவீதம் என்று அரசே பிரித்து வைத்தது. சின்ன வீட்டுக்காரர்களுக்குச் சுமை குறையட்டும் என்றுதானே? இப்போது ஒரு கிடுகுக் கூரையைச் சேர்த்து எங்களை அந்த 600-ஐத் தாண்ட வைத்துவிட்டீர்கள். கச்சான் காற்று பலமாக அடித்தால் அந்தக் கூரை பறந்து பக்கத்துத் தெருவில் கிடக்கும். அன்றைக்கு வரியை அந்தத் தெருக்காரரிடம் வசூலிப்பீர்களா?

நான் கேட்பது ஒன்றுதான். நேரில் ஆள் அனுப்பி மறுபடி அளந்து பாருங்கள், கொட்டகையைக் கட்டடக் கணக்கிலிருந்து எடுங்கள்.

அப்புறம், முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுகிறது, 61 நாள். விசைப்படகில் கூலிக்குப் போகிற எங்கள் அண்ணனைப் போன்றவர்கள் கையில் காசில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கிற மாதத்தில் தள்ளுபடி வருகிறது, காசு புழங்குகிற மாதத்தில் அது முடிந்துபோகிறது. குடிநீரை இன்னும் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம், மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது, உப்புக் காற்றில் வீட்டுக் கூரையின் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. அந்தக் கம்பி மட்டும் அளவெடுத்தவர் கண்ணில் படவேயில்லை. வரி கட்ட ஆன்லைன் உண்டு, கட்டியதும் ரசீது வருகிறது. மனு கொடுத்தால் மட்டும் 'சார் மீட்டிங்ல இருக்காரு'.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். வரி கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. 580 சதுர அடிக்கு என்ன வருமோ அதைக் கட்டுகிறேன். தயவுசெய்து கொட்டகையை நீக்கி மறு அளவீடு செய்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். அக்டோபரில் இரண்டாம் அரையாண்டு தொடங்குவதற்குள் கிடைத்தால் நல்லது. அதுவரை பழைய வரியை வாங்கிக்கொண்டு, வித்தியாசத் தொகையை நிலுவை என்று காட்டி அபராதம் போடாமல் இருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடற்கரைத் தெரு வரிதாரர் ஒருவர்