துப்பறிவாளர் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. முதலில் அத்தானிடம் சொல்லிவிடு, நான் துப்பாக்கி வைத்துக்கொண்டு யாரையும் துரத்தவில்லை. தனியார் துப்பறிவாளரிடம்தான் வேலை, ஆனால் பாதி நாள் ஃபைல் படிப்பதிலும் மீதி கார் ஓட்டுவதிலும் போய்விடுகிறது. முதலாளியம்மாவுக்குக் கைது செய்யும் போலீஸ் அதிகாரமெல்லாம் கிடையாது. இந்த கலிஃபோர்னியாவில் ஒருவர் தனிமையில் பேசுவதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தால் அதுவே குற்றம், அதனால் எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்கிற விதத்தில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

நான் இருப்பது மொஹாவே பாலைவனத்தில், ஜோஷுவா ட்ரீ என்கிற ஊர்ப் பக்கம். பாலைவனம் என்றதும் மணல்மேட்டை நினைக்காதே, இங்கே கல்லும் முட்புதரும் கை விரித்து நிற்கிற ஒரு விநோத மரமும்தான். 1938-ல் வந்த ஒரு சட்டத்தின்படி அரசாங்கம் ஐந்து ஏக்கர் துண்டுகளாக நிலம் கொடுத்ததாம், சின்னதாக ஒரு வீடு கட்டினால் நிலம் உனக்கு. பலர் கட்டிவிட்டு, தண்ணீர் இல்லாமல் விட்டுப் போனார்கள். அந்தக் குடில்கள் சிலவற்றில்தான் இப்போது ஓவியர்களும் சிற்பிகளும் இருக்கிறார்கள், லாரியில் தண்ணீர் வரவழைத்துக்கொண்டு. நோவா பியூரிஃபாய் என்கிற சிற்பி 1989-ல் இங்கே வந்து, 2004-ல் இறக்கும் வரை குப்பையில் கிடந்த டயர், தட்டு, கழிப்பறைக் கோப்பை என்று எல்லாவற்றையும் வைத்துப் பத்து ஏக்கரில் சிற்பம் செய்து வைத்திருக்கிறார். கூரை கிடையாது, வெயிலும் காற்றும் அவற்றை அரிக்கட்டும் என்றே விட்டிருக்கிறார். முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, இப்போது யார் வந்தாலும் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

சரி, நீ கேட்ட கொலைக்கு வருகிறேன். பெயர் எதுவும் எழுதமாட்டேன். மண்ணில் சுவர் எழுப்பிச் சிற்பம் செய்கிற ஒரு வயதானவர், ஜூலையில் தன் கொட்டகையில் மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். பார்த்தபோது இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்த வறண்ட சூட்டில் உடல் சில நேரம் அழுகாமல் தோல் காய்ந்து இறுகிப் போய்விடும், அதனால் எந்த நாளில் செத்தார் என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு அவரோடு உரக்க வாய்ச்சண்டை போட்ட இளைஞனைப் பிடித்தார்கள். அவருடைய சிற்பங்களை விற்றுக் கொடுக்கும் ஆள், புதன் காலையில் போய்த் தட்டினேன், குரலே இல்லை என்று சொல்லிவிட்டான். ஆக, கொலை செவ்வாய் இரவு என்று முடிவு கட்டியாயிற்று. பையனோ புதன் விடிகாலையே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வேலைக்குப் போனவன், உடல் கிடைக்கும் வரை திரும்பவே இல்லை, அதற்கெல்லாம் ரசீது இருக்கிறது.

பையனிடம் காசில்லை. இங்கே 1963-லேயே உச்ச நீதிமன்றம், பெரிய குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசாங்கமே ஒரு வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வக்கீல்தான் எங்களைக் கூப்பிட்டார், அரசே எங்களுக்குக் கூலி தரும்.

போலீஸ் எடுத்த படங்கள் வக்கீல் வழியாக எங்களுக்கு வந்தன. எல்லோரும் உடலைப் பார்த்தார்கள், முதலாளியம்மா முற்றத்தில் காயப் போட்டிருந்த மண்கற்களைப் பார்த்தார். சுடாத கல், மண்ணும் வைக்கோலும் பிசைந்து அச்சில் வார்ப்பது. கடைசி வரிசையில் மட்டும் மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், அம்மை வடு மாதிரி. மழைத்துளி! கல் ஈரமாக இருக்கும்போது துளி விழுந்தால்தான் அப்படிக் குழி விழும். வானிலை நிலையத்துப் பதிவில் அந்த மாதம் மழை ஒரே ஒரு முறை, அதே வாரம் வியாழன் சாயங்காலம், அதுவும் கொஞ்ச நேரம். இந்த ஊரில் ஒரு தெருவில் பெய்யும் மழை அடுத்த தெருவில் பெய்யாது, அதனால் அதை மட்டும் நம்பாமல் வீடு வீடாகக் கேட்டோம். பக்கத்தில் ஒரு பாட்டி மழைமானி வைத்துத் தினமும் நோட்டில் எழுதுகிறவர், அவரும் வியாழன் என்றே எழுதியிருந்தார்.

அப்புறம் அதே மண், அதே அச்சு, அதே வெயிலில் நானே கல் வார்த்தேன், கை எரிந்தது போ. பூவாளியில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். அன்றைக்கு வார்த்த கல்லில் குழி விழுந்தது, இரண்டு நாள் காய்ந்ததில் தண்ணீர் வழிந்து போனதே தவிர படத்தில் இருந்த மாதிரிக் குழி விழவில்லை. ஒவ்வொரு கல்லின் மூலையிலும் பெரியவர் கட்டைவிரலை அழுத்தி வைப்பது வழக்கம், அந்த ரேகை குழி விழுந்த கற்களிலும் இருந்தது, ஒப்பிட்டும் பார்த்தாயிற்று. அப்படியானால் வியாழனன்று அவர் உயிரோடு, வேலை செய்துகொண்டு இருந்திருக்கிறார். பையனோ அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில்.

வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். புதன்கிழமை தட்டினேன் என்றவன் பேச்சு என்ன ஆனது என்று நீ கேட்பாய். நல்ல வெயிலில் முற்றத்தில் வேலை செய்கிற மனுஷன் தட்டினால் பேசாமலா இருப்பார்? பெரியவர் அவனிடம் கணக்குக் கேட்க ஆரம்பித்திருந்தார் என்று விற்பனை ரசீதுகளிலிருந்து தெரிந்தது, அவற்றையும் முதலாளியம்மாதான் தோண்டி எடுத்தார். இப்போது அவன் உள்ளே இருக்கிறான், விசாரணை நடக்கிறது. முதலாளியம்மா பில் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த ஃபைலைப் பிரித்துவிட்டார், அது ஏதோ காப்பீட்டு விவகாரம், தூக்கம் வருகிறது.

சொந்தமாக உரிமம் வாங்க நான் 6,000 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும், பிறகு பரீட்சை. முழு நேர வேலையானால் மூன்று வருஷம். ஆகையால் அத்தான் பார்த்து வைத்திருக்கிற வரனை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல். அம்மாவிடம் கொலை, கிலை என்று எதுவும் சொல்லாதே, ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் தங்கை