வடிகட்டி அடைத்தால் பழி ஓட்டுநர் மேலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிக்கப் வண்டிகளின் எஞ்சின், சைலன்சர் கோளாறுகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான உரிமையாளர்களின் புகார்களையும், வண்டியை முறையாக ஓட்டாததே இவற்றுக்குக் காரணம் என்று உற்பத்தியாளர் தரப்பில் சொல்லப்பட்ட பதிலையும் படித்தேன். டீசல் பிக்கப் ஒன்றைத் தொழிலுக்காகப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில், அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லாமல் விடப்பட்ட மறுபாதியைப் பற்றியே இக்கடிதம்.

இன்றைய டீசல் வண்டிகளில், எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் உள்ள கரித்துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி ஒன்று சைலன்சர் குழாயில் பொருத்தப்பட்டிருக்கிறது. மெக்கானிக்குகள் இதை டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துவிட்டால்தான் இது அடைபடாமல் இருக்கும். அப்படி எரிப்பதற்கு வடிகட்டிக்குள் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படுகிறது. பாரம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும் வண்டிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் தெருத்தெருவாக நின்று சரக்கு இறக்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்டு, மறுபடியும் ஸ்டார்ட் செய்யப்படும் வண்டியில் எரிப்பு தொடங்குமே தவிர முடிவதில்லை. பிக்கப் வண்டியை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் இந்த வேலைக்காகத்தானே வாங்குகிறார்கள்?

எரிப்பைப் பாதியில் நிறுத்தியது ஓட்டுநரின் குற்றம் என்கிறார்கள். எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவருக்கு யார் சொன்னது? பல வண்டிகளில் அதைக் காட்டும் விளக்கோ எழுத்தோ டேஷ்போர்டில் கிடையாது. வண்டி நிற்கும்போது ஐடிலிங்கில் எஞ்சினின் வேகம் சற்றே கூடுவது, ரேடியேட்டர் ஃபேன் காரணமின்றிச் சுற்றிக்கொண்டே இருப்பது, வண்டிக்கு அடியிலிருந்து தீய்ந்த வாடை வருவது ஆகியவற்றைக் கொண்டு அனுபவசாலிகள் ஊகித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வழக்கம்போலச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் போகிறார்கள். வடிகட்டி நிரம்பி, எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு, ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறும்போதுதான் சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. வடிகட்டியைச் சூடாக்குவதற்காகப் பல எஞ்சின்களில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகப் பீய்ச்சப்படுகிறது. அதில் எரியாமல் மிஞ்சும் பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து, கீழே உள்ள ஆயிலோடு கலந்துவிடுகிறது. எரிப்பு திரும்பத் திரும்பத் தடைபடும் வண்டியில் இந்தக் கலப்பும் கூடிக்கொண்டே போகிறது. அத்தகைய வண்டியில் ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கும். முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லாமல் ஓடும். ஆயில் குறைந்தால் பதறும் உரிமையாளர், கூடியிருப்பதைப் பார்த்து நிம்மதியடைகிறார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளும் அந்த நீர்த்த ஆயிலில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அடைப்புக்குக் காரணம் எப்போதும் ஓட்டும் முறைதான் என்பதும் சரியல்ல. புகையில் ஒரு பகுதியை மறுபடியும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விரிசல் விட்டுக் காற்று கசிந்தாலும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரி அளவுக்கு மீறி உண்டாகும். முன்பெல்லாம் சைலன்சரில் வரும் கரும்புகையே இவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்; இப்போது வடிகட்டி அந்தப் புகையை விழுங்கிக்கொள்வதால் மூலக் கோளாறு வெளியே தெரிவதில்லை. அதைத் தேடாமல் வடிகட்டியை மட்டும் கழற்றிக் கழுவி மாட்டினால், சில நாட்களில் அதே விளக்கு மறுபடியும் எரியத்தான் செய்யும். என் வண்டிக்கு வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வேறொரு மெக்கானிக் படுத்துக்கொண்டு பார்த்தபோது, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை சென்சாருக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய ரப்பர் குழாய்களில் ஒன்று முனையில் வெடித்துக் கரி படிந்திருந்தது. சென்சார் தவறான அளவைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. குழாயை மாற்றியதோடு வேலை முடிந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கிவிடும் சத்தத்தைப் பற்றியும் சிலர் எழுதியிருந்தார்கள். எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் போல்ட் உடைந்தோ, இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் போயோ புகை கசிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். சத்தம் நின்றுவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, அது கேபினுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

வெறுத்துப்போன உரிமையாளர்கள் வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடுவதும் நடக்கிறது. அது பல நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் வகைப்படுத்திய பிறகு அதை நான் ஆதரிக்க மாட்டேன். இருந்தாலும், வாரண்டிக் கோரிக்கையை ஒரே வரியில் நிராகரித்து அனுப்புகிறவர்கள்தாம் அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனவே, ஓட்டும் முறையைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கும்போது, வண்டியின் கணினியில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகள், வடிகட்டியில் சேர்ந்துள்ள கரியின் அளவு, முடிவடையாமல் போன எரிப்புகள் ஆகியவற்றை சர்வீஸ் விவரங்களைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதித் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஸ்கேன் கருவியை மாட்டினால் பொதுவாகக் கிடைத்துவிடும் விவரங்கள்தாம் இவை. குறுந்தொலைவு ஓட்டத்துக்கு இந்த எஞ்சின் ஒத்துவருமா என்பதை விற்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். எரிப்பு நடப்பதை ஓட்டுநருக்குக் காட்டும் ஒரு விளக்கை வைக்க ஏன் இவ்வளவு தயக்கம் என்ற கேள்வியையும் தங்கள் இதழ் உற்பத்தியாளர்களிடம் கேட்டு, அவர்களின் பதிலை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பிக்கப் வண்டி உரிமையாளர் ஒருவர்