63-3 எதையும் நிரூபிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு, அதற்காகவே பாராட்டலாம். ஆனால் 2023இல் அதுவரை தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணி பிளேஆஃபில் தேர்வுக்குழு இடம் தரவில்லை. இதைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். 'பிறகு ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்களே, அப்படியானால் தேர்வுக்குழு செய்தது சரிதானே' என்கிறார். ஃப்ளோரிடாவில் வசிப்பவன், அந்த சீசனை வாராவாரம் பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதத் தோன்றியது.

அந்த ஆண்டு ஃப்ளோரிடா ஸ்டேட் (ஊர் டாலஹாசி) 13 ஆட்டம் ஆடி பதின்மூன்றிலும் வென்றது. முதல் ஆட்டத்திலேயே லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு.) அணியை 45-24 என்று வீழ்த்தியது. செப்டம்பரில் கிளெம்சன் அணியை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் 31-24 என்று வென்றது. கிளெம்சனை ஜெயிக்க 2014க்குப் பிறகு அவர்களால் முடிந்ததே இல்லை, அதனால் ஊரில் ஒரே கொண்டாட்டம்.

நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவோடு நடந்த ஆட்டத்தில்தான் கண்பட்டது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டான் ட்ராவிஸுக்குக் காலில் பலத்த அடி, சீசன் முடிந்தது. அப்போது அணி 13-0 என்று பின்தங்கியிருந்தது. அதன்பிறகு வரிசையாக 58 புள்ளிகள் எடுத்து 58-13 என்று வென்றார்கள். அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரர் டேட் ரோட்மேக்கரை வைத்துக்கொண்டு பரம எதிரியான ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியை அவர்கள் ஊரான கெய்ன்ஸ்வில்லில் 24-15 என்று வென்றார்கள். அவருக்கும் தலையில் அடிபட, டிசம்பர் 2 அன்று நடந்த ஏ.சி.சி. (இந்த அணி ஆடும் கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரி அணிகளின் லீக்) இறுதி ஆட்டத்தில் முதலாண்டு மாணவர் பிராக் க்ளென் இறங்கினார். பந்து வீசி அவர் எடுத்தது மொத்தம் 55 கஜம். பார்க்கச் சகிக்காத ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதிரே நின்ற லூயிவில் அணியை ஒரு டச்டவுன்கூட (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) போடவிடாமல் தடுப்பாட்டக்காரர்கள் மறித்துவிட்டார்கள். 16-6, சாம்பியன்.

மறுநாள் 13 பேர் கொண்ட தேர்வுக்குழு மிஷிகன், வாஷிங்டன், டெக்ஸாஸ், அலபாமா என நான்கு அணிகளை அறிவித்தது. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம். 2014இல் நான்கு அணி பிளேஆஃப் தொடங்கிய பின், பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோல்வியே காணாமல் சாம்பியனான அணி வெளியே நின்றது அதுதான் முதல்முறை.

குழுத் தலைவர் பூ கோரிகன் சொன்ன காரணம், ட்ராவிஸ் இல்லாத அணி முன்பிருந்த அதே அணி அல்ல என்பது. முக்கிய ஆட்டக்காரர் ஆட முடியாத நிலையைக் கணக்கில் கொள்ளலாம் என்று விதியில் இடம் இருக்கிறது, சரி. ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். கால் ஒடிந்தது நவம்பர் 18. இதே குழு நவம்பர் 28 அன்று வெளியிட்ட பட்டியலில் ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காவது, அலபாமா எட்டாவது. ட்ராவிஸ் வரமாட்டார் என்பது அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரியும். அப்படித் தெரிந்தே நான்காம் இடம் கொடுத்துவிட்டு, அதன்பின் அந்த அணி கோப்பையும் வென்றபிறகு ஐந்தாம் இடத்துக்கு இறக்கினால் அதற்கு என்ன பொருள்? பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. செய்தி நிறுவனப் பட்டியலில் அதே ஞாயிறன்று ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காவது, அலபாமா ஐந்தாவது.

அலபாமா சும்மா உள்ளே வரவில்லை. 29 ஆட்டமாகத் தோற்காத ஜார்ஜியாவை 27-24 என்று வென்றுதான் வந்தது. ஆனால் செப்டம்பரில் சொந்த மைதானத்தில் டெக்ஸாஸிடம் 34-24 என்று தோற்ற அணியும் அதுதான். அலபாமா ஆடும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸிலிருந்து ஓர் அணி இல்லாமல் ஒரு பிளேஆஃப்கூட அதுவரை நடந்ததில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கிறேன். குழு அதை மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. டாலஹாசியில் யாரைக் கேட்டாலும் ஆதாரம் தேவையில்லை என்பார்கள்!

நம் வாசகர்களுக்குப் புரியும்படி சொன்னால், அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பையில் ஹர்திக் பாண்டியா கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். லீக் சுற்றின் 9 ஆட்டத்தையும் வென்ற இந்தியாவிடம், 'உங்கள் ஆல்ரவுண்டர் இல்லை, அரையிறுதிக்கு வராதீர்கள்' என்று யாராவது சொல்லியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா?

இனி அந்த 63-3க்கு வருகிறேன். டிசம்பர் 30 அன்று ஜார்ஜியாவோடு ஆடியது பதின்மூன்று ஆட்டமும் வென்ற அந்த அணியே அல்ல. பிளேஆஃப் இல்லை என்றானதும், என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) ஆட்டக்காரர் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் வேறு கல்லூரிக்குப் போகிறவர்களும் என 20க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆட்டத்தில் இல்லை. முன்னணி ஆட்டக்காரர்களில் ஜாரெட் வெர்ஸ் இல்லை, கியான் கோல்மன் இல்லை, ட்ரே பென்சன் இல்லை. ரோட்மேக்கரும் கிளம்பிவிட்டார். வாசலில் நிறுத்தியதால் கலைந்துபோன கூட்டத்தைக் காட்டி, அதனால்தான் உள்ளே விடவில்லை என்பது தலைகீழ் நியாயம். 2024 என்.எஃப்.எல். தேர்வில் இந்த ஒரே கல்லூரியிலிருந்து 10 பேர் எடுக்கப்பட்டார்கள், கால் ஒடிந்த ட்ராவிஸ் உட்பட. (பாவம், அந்தக் கால் சரியாகவே இல்லை. ஒரு என்.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடாமல் 2025இல் ஓய்வை அறிவித்தார்.) அடுத்த சீசனில் அணி 2 வெற்றி, 10 தோல்வி என்று சரிந்ததும் உண்மைதான், ஆனால் அது வேறு கதை, வேறு ஆட்கள்.

பிளேஆஃபில் நான்காம் அணியாக விட்டிருந்தால், முதலிடத்திலிருந்த மிஷிகனை வென்றிருப்பார்களா? என்னைக் கேட்டால், மாட்டார்கள். ஆனால் மிஷிகனிடம் அலபாமாவும்தானே தோற்றது, கூடுதல் நேரத்தில் 27-20 என்று. தோற்பதற்கும் ஒரு உரிமை உண்டு, அதை ஃப்ளோரிடா ஸ்டேட் 13 வாரம் ஆடிச் சம்பாதித்திருந்தது.

அப்புறம், ஒரு திருத்தம். இந்தச் சர்ச்சையால்தான் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது என்று கட்டுரையில் இருக்கிறது. 2024 முதல் 12 அணிகள் என்ற அறிவிப்பு 2022 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 2024இல் அது அமலானபோது, தரவரிசையில் முந்தி நிற்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்று இருந்தது. அது ஓராண்டு முன்னதாக அமலுக்கு வந்திருந்தால் க்ளென்னின் 55 கஜத்தைப் பற்றி எவரும் பேசியிருக்கவே மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஃப்ளோரிடா வாசகர்