வெள்ளத்துக்கு இடம் விடும் கரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைவிடப்பட்ட தொழில் துறைமுகங்களை மக்கள் கூடும் பொதுவெளிகளாக மாற்றுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை காலத்துக்கு ஏற்றது. ஆனால், உயரும் கடல்மட்டத்தைச் சமாளிக்க உயரமான தடுப்புச்சுவரே முதல் தேவை என்று அது முடிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

கப்பல்கள் அணைவதற்காகச் செங்குத்தாகக் கட்டப்பட்ட பழைய கரைச்சுவர்கள் அலையின் விசையைத் தணிப்பதில்லை; திருப்பியே அடிக்கின்றன. அவற்றை இன்னும் உயர்த்தினால் மக்களுக்கும் நீருக்கும் இடையிலான தொடர்பும் அறுந்துபோகும். 1962 வெள்ளத்தில் 315 உயிர்களைப் பறிகொடுத்த ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம், வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே இருந்த பழைய துறைமுகப் பகுதியில் ஹாஃபன்சிட்டி என்ற புதிய நகர்ப்பகுதியை எழுப்பியபோது, கட்டடங்களைக் கடல்மட்டத்துக்கு மேல் 8 முதல் 9 மீட்டர் உயர மேடுகளில் வைத்துவிட்டு, நீரோர நடைபாதைகளைத் தாழ்வாகவே விட்டது. புயல் வெள்ளம் வந்தால் அவை மூழ்கும், வடிந்ததும் மீண்டும் நடக்கலாம். நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்காவிலும் சரக்குத்துறைகள் இருந்த கரையில் பாறைச் சரிவுகளும் உவர்நிலத் தாவரங்களும் அமைக்கப்பட்டிருந்தன. 2012-இல் சாண்டி புயலின் வெள்ளம் புகுந்தும் பூங்கா விரைவிலேயே மீண்டது.

கட்டுரை தொடாமல் விட்ட மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கிடங்குகளும் கப்பல் பட்டறைகளும் பல பத்தாண்டுகள் இயங்கிய நிலத்தில் எண்ணெயும் தாரும் கன உலோகங்களும் ஊறிக் கிடக்கும். அத்தகைய நிலத்தைச் சுத்திகரிக்காமல் வெள்ளத்துக்குத் திறந்துவிட்டால், வடியும் நீர் அந்த நஞ்சையும் சுமந்து செல்லும். டொராண்டோவில் டான் ஆற்றுக்குப் பழைய துறைமுக நிலத்தின் நடுவே புதிய முகத்துவாரம் வெட்டியபோது, மாசடைந்த மண்ணைக் கையாள்வதே பெரும்பணியாக இருந்தது. பூங்காவைப் பார்க்க வருபவர்களின் கண்ணில் படாத வேலை இது. நிதி குறையும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இதுவாகவே இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

நிலத்தை விற்பதற்கோ குத்தகைக்கு விடுவதற்கோ முன்பே, மண் சுத்திகரிப்புக்கான நிதியைத் தனியே ஒதுக்குவதும், நீரோரப் பட்டை முழுவதும் என்றென்றைக்கும் பொதுச்சொத்து என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அடுக்குமாடிகள் எழுந்த பிறகு கரையைத் திரும்பப் பெறுவது எந்த நகராட்சிக்கும் எளிதாக இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்