முகப்பு மட்டும் மிஞ்சினால் போதாது: பழைய பத்திரிகைக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்கிறோம்

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம், பணம் வேண்டும். பழைய பத்திரிகை அலுவலகத்தின் கூரை ஒழுகுகிறது, அடுத்த மழைக்குள் சரி செய்யாவிட்டால் மேல்மாடியில் அச்செழுத்துக் கோத்த கம்போசிங் கூடம் தாங்காது.

மணிக்கூண்டு இருக்க, கூரைக்கு ஏன் முதலிடம் என்று சிலர் கேட்கிறார்கள். மணிக்கூண்டு ஊர் பார்க்கக் கட்டியது, பத்திரிகை நடந்தது உள்ளே. வேலை போகும் வழியைப் பார்த்துத்தான் இதை வரைந்திருக்கிறார்கள்: பொடி எழுத்தைக் கோக்க வெளிச்சம் வேண்டும், அதனால் கம்போசிங் உச்சியில், கூரையில் கண்ணாடி, ரோட்டரி அச்சு இயந்திரம் ஓடினால் தரை அதிரும், அதனால் அது அடித்தளத்தில், தனி அஸ்திவாரத்தின்மேல், காகித ரீல் இறக்கவும் பத்திரிகைக் கட்டுகளை வண்டியில் ஏற்றவும் பின்வாசல். 1886-ல் நியூயார்க் ட்ரிப்யூனில் வரி வரியாக ஈயத்தில் எழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரம் முதன்முதலாக ஓடிய பிறகு, மற்றப் பத்திரிகைகளிலும் ஈயம் உருக்கும் சட்டி கம்போசிங் கூடத்துக்கே வந்து சேர்ந்தது. நம் கூடத்தின் மரத்தரை இடுக்கில் சிந்தி உறைந்த ஈயத்துளிகள் இன்னும் இருக்கின்றன. (பார்க்க வருபவர்கள் சுரண்டாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.)

பேர்பெற்ற கட்டடங்களே தப்பவில்லை. பத்திரிகை அதிபர் புலிட்சரின் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகை 1890-ல் பொன்முலாம் பூசிய குவிமாடத்தோடு எழுப்பியது அப்போது அந்த நகரத்திலேயே உயரமான கட்டடம். 1955-ல் புரூக்ளின் பாலத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்த இடிக்கத் தொடங்கினார்கள். சிகாகோவில் 1925-ல் கட்டி முடித்த ட்ரிப்யூன் கோபுரம் நிற்கிறது, ஆனால் பத்திரிகை 2018-ல் காலி செய்துவிட்டது, உள்ளே இப்போது குடியிருப்புகள். இடிபடாமல் இருப்பது நல்லதுதான். இருந்தாலும் முகத்தை வைத்துக்கொண்டு வயிற்றைக் காலி செய்வதில் எங்களுக்கு அரை மனசுதான்.

வருகிற பணம் முதலில் கூரைக் கண்ணாடிக்கும் மரச்சட்டத்துக்கும், அப்புறம் இயந்திரக் குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்து ஊற்றை அடைக்க. கடிகாரம் கடைசியில், மிச்சம் இருந்தால். சின்னத் தொகையானாலும் சரி, ரசீது உண்டு, வரவு செலவு மாதாமாதம் வெளியிடுவோம், குடைந்து கேள்வி கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பணம் முடியாதவர்கள் வீட்டில் எழுத்துப் பெட்டி, கம்போசிங் ஸ்டிக் (கையில் பிடித்து எழுத்துக் கோக்கும் சட்டம்), பழைய புகைப்படம் ஏதாவது கிடந்தால் தாருங்கள், இரவல் என்றால் எழுதிக் கொடுத்தே வாங்கிக்கொள்வோம். பழைய இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். ரோட்டரியில் இரவு வேலை பார்த்தவர் யாரையாவது தெரிந்தால் கையோடு கூட்டி வாருங்கள், எந்த இயந்திரம் எந்தக் குழியில் நின்றது என்று காட்ட ஆள் தேவை.