அம்பாசமுத்திரம் வட்டாரப் பொம்மைத் தொழில்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பட்டறை உரிமையாளர்களே, கடைசல் தொழிலாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். சந்தாவும் வரவு செலவும் பொருளாளரின் அறிக்கையில் உள்ளதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. இவ்வறிக்கையின் பெரும்பகுதி சாயத்தைப் பற்றியது. இவ்வாண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

குழந்தைகள் விளையாடும் மரச் சிறுபாத்திரங்களான அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நம் அனைவருக்கும் பெருமை. ஆனால் அந்தச் செய்தியோடு, இனி நமக்கு எந்தச் சோதனையும் இல்லை என்ற பேச்சும் பட்டறைகளில் பரவியது. மத்திய அரசின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி விற்க முடியாது. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீட்டின் பதிவுரிமையாளருக்கும், அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஊருக்குக் குறியீடு வந்ததனாலேயே ஊரிலுள்ள ஒவ்வொரு பட்டறைக்கும் விலக்கு வந்துவிடாது. ஒவ்வொருவரும் தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும். இன்னும் பதியாதவர்கள் சங்க அலுவலகத்தில் படிவம் பெற்றுக்கொள்ளலாம். பதிந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: விலக்கு முத்திரைக்குத்தான், குழந்தையின் வாய்க்கு இல்லை. நாம் விற்கும் அம்மியும் திருகையும் ஆட்டுரலும் வீட்டுக்குப் போனதும் முதலில் எங்கே போகின்றன என்பது பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி நிறம் ஏறுவது நம் தொழில் முறை. அரக்கில் குறையில்லை, அதில் நிறத்துக்காகக் கலக்கும் சாயப் பொடியில்தான் சிக்கல். பெயரும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாமல் எடைக்கு நிறுத்துத் தரும் பொடியைப் பலர் வாங்கி வந்தோம், நானும் உட்பட. மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயம் சேர்ந்த நிறமியான ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பொம்மைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 9873-இன் மூன்றாம் பகுதியோ ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் உள்ளிட்ட எட்டுத் தனிமங்கள் மேற்பூச்சிலிருந்து எவ்வளவு கரைந்து வெளிவருகின்றன என்பதை அளக்கிறது. ஈயத்துக்கு அங்கும் கிலோவுக்கு 90 மில்லிகிராம்தான் எல்லை. குழந்தையின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனவே உறுப்பினர்களின் பட்டறைகளிலிருந்து மாதிரிகள் திரட்டி, பெயரிடாமல் எண் மட்டும் இட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மஞ்சள் மாதிரி ஒன்று எல்லையைத் தாண்டியது. அது யாருடைய பட்டறை என்பதைச் செயற்குழு வெளியிடவில்லை, இனியும் வெளியிடாது. அந்த உறுப்பினர் தாமே முன்வந்து அந்தச் சரக்கு முழுவதையும் சங்கக் கிட்டங்கியில் ஒப்படைத்தார். பொங்கல் விற்பனைக்கு முந்தைய வாரத்தில் அதைச் செய்ய எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதை வியாபாரம் செய்பவர்கள் அறிவார்கள். உலகின் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றான மேட்டல், 2007-இல் ஈயச் சாயத்தின் காரணமாகப் பல இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அங்கும் சாயம் வந்த வழியைக் கடைசிவரை கவனிக்காததே கேடாக முடிந்தது. ஆகவே சாயப் பதிவேடு ஒன்றை வகுத்திருக்கிறோம். பொடி வாங்கிய நாள், கடை, பில் எண், அதைக் கலந்து இழுத்த அரக்குக் குச்சிகள், அந்தக் குச்சிகள் ஏறிய சரக்கு ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். தாத்தா காலத்தில் யார் பதிவேடு எழுதினார்கள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். தாத்தா விற்றது பாபநாசம் கோயில் வாசலில். நாம் அனுப்புவது முகம் தெரியாத ஊர்களுக்கு.

எனாமல் தெளிக்கும் பட்டறைகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தின்னரில் (பெயிண்ட் கரைப்பானில்) தூரிகை கழுவிய கழிவைத் தெருவோடையில் ஊற்றுவது நிற்க வேண்டும். ஓடை வாய்க்காலில் சேர்கிறது, வாய்க்கால் தாமிரபரணியில் சேர்கிறது, அந்த ஆற்றைத்தான் நாமும் குடிக்கிறோம். மரத்தூளை மூச்சில் இழுப்பது மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பது பன்னாட்டு ஆய்வுகளில் உறுதியாகியுள்ளதால், முகக்கவசம் கட்டாயம் என்று தீர்மானித்தோம். வெக்கையில் யாரும் அணிவதில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். சாயம் ஏறாத தூளையும் சீவலையும் மூட்டையாக விற்கிறோம். சாயம் ஏறிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கக் கூடாது.

பிளாஸ்டிக் உறைக்கு மாற்றாகப் பனையோலைக் கொட்டானில் சொப்பு அடுக்கி அனுப்பும் முயற்சி பாதி வெற்றியே கண்டது. கோடையில் அழகாகப் போன கொட்டான்கள் ஐப்பசி மழையில் பூசணம் பூத்துத் திரும்பி வந்தன. ஓலையை நன்கு காய வைத்துத் தாள் உறையிட்டு அடுத்த பருவத்தில் மீண்டும் பார்ப்போம்.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிப் பலர் கேட்டதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். மரபுக் கைவினைகளும் சுற்றுச்சூழலும் அதற்குரிய பட்டியலில் இருக்கின்றன. நம்மில் யாரும் அந்த அளவுகளுக்குப் பக்கத்தில்கூட இல்லை; நாம் பெறும் இடத்தில்தான் இருக்கிறோம். தூசு உறிஞ்சும் இயந்திரம் வாங்கித் தர நிறுவனம் ஒன்று முன்வந்து, ஒவ்வொரு பொம்மைப் பெட்டியிலும் தன் விளம்பரம் இருக்க வேண்டும் என்றது. விளம்பரப் பயனுக்காகத் தரும் ஆதரவு சமூகப் பொறுப்புக் கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது என எழுதினோம், பதில் வரவில்லை. மேலும், இந்நிதியை நேரடியாகப் பெறும் சங்கத்துக்கு வருமான வரிச் சட்டத்தின்கீழ் அறநிறுவனப் பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவும் (1961 சட்டத்தில் 12ஏ, 80ஜி எனப்பட்டவை), இந்நிதி பெறுவோருக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் தேவை. முதலிரண்டுக்கும் விண்ணப்பிக்க அனுமதி கோருகிறேன்.

கிட்டங்கியில் பூட்டி வைத்துள்ள மஞ்சள் சொப்புகளை எரிக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது, மேற்பூச்சைச் சுரண்டினால் அந்தத் தூளே நஞ்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, அபாயகரக் கழிவாக முறைப்படி ஒப்படைக்கவும், அதற்கான செலவைச் சங்கமே ஏற்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்